உலகம் சுற்றும் சீட்டும் புத்தளக் கரையும்

உலகத்தை ஒருமுறை சுற்றிவர விரும்பும் ஒருவர் இன்று கொழும்பிலே ஒரு பிரயாண முகவரை நாடுவாராயின், அந்தச் சுற்று முழுவதையும் ஒரே விமானச் சீட்டில் அடக்கித் தருவதற்கு வழியுண்டு என்று அம்முகவர் சொல்வார். சொன்ன மாத்திரத்தே விதிகளையும் அடுக்கத் தொடங்குவார். ஸ்ரீலங்கன் விமானசேவை 2014 மே 1 ஆம் நாள் முதல் அங்கம் வகிக்கும் ஒன்வேர்ல்ட் என்ற கூட்டமைப்பின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். பிரயாணம் எந்த நாட்டில் தொடங்கியதோ அந்த நாட்டிலேயே முடிதல் வேண்டும். அத்திலாந்திக் சமுத்திரத்தை ஒருமுறையும் பசிபிக் சமுத்திரத்தை ஒருமுறையும் கடத்தல் வேண்டும். கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர் கிழக்கு நோக்கியே செல்லல் வேண்டும். மேற்கு நோக்கிப் புறப்பட்டவர் மேற்கு நோக்கியே செல்லல் வேண்டும். ஒரு கண்டத்தை விட்டு அடுத்த கண்டத்திற்குப் போனபின் திரும்பிப் பார்க்கலாகாது. பயணம் பத்து நாளிற் குறையவுங் கூடாது, ஓராண்டிற் கூடவுங் கூடாது. பதினாறு கட்டங்களுக்கு மேல் இல்லை. இடையிலே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நாம் புகைவண்டியிலே போனாலும் அதுவும் ஒரு கட்டமாக எண்ணப்படும். விலையோ நாம் மிதிக்கும் கண்டங்களின் தொகையையும், எந்த நாட்டிலிருந்து புறப்படுகின்றோம் என்பதையும் பொறுத்தது.

இவற்றைக் கேட்டதும், பணம் கொடுத்துச் சீட்டு வாங்குபவருக்கு இத்தனை கட்டுப்பாடுகளா என்று அலுத்துக்கொள்வோர் பலர். ஆனால் இவ்விதிகள் ஒரு காரியாலயத்து எழுதுவினைஞர் தம் மனம்போன போக்கில் வகுத்தவை அல்ல. தூரப் பயணம் செய்தவன் எக்காலத்திலும் சில விதிகளுக்கு அமைந்தே சென்றான். முதலிலே காற்றின் விதி; பின்னர் கரையை ஆண்ட மன்னனின் விதி; அதன்பின் கடலையே தனதென்று கொண்ட கம்பனிகளின் விதி; இறுதியிலே நீராவிக் கப்பலும் விமானமும் கொணர்ந்த விதி. இவை ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விட்டுச்சென்ற ஒரு கரை நம் நாட்டிலே உண்டு. வடக்கே குதிரைமலை முனையிலிருந்து கற்பிட்டி, புத்தளம், உடப்பு, சிலாபம் என்று தெற்கே மகா ஓயாவின் கழிமுகம் வரை செல்லும் புத்தளம் மாவட்டத்துக் கரையே அது.

காற்றின் விதியை முதலிலே பார்ப்போம். சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் திசைதோறும் தனிப்பெயர் இட்டு வழங்குவர் நம் கடற்றொழிலாளர். ஆண்டின் ஒரு பாதியிலே காற்றுத் தென்மேற்கிலிருந்து வீசும். மறு பாதியிலே வடகிழக்கிலிருந்து வீசும். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே இக்கரை மீனவர் பலர் வலையையும் வள்ளத்தையும் கொண்டு கீழ்க்கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தங்குவதும், கடல் அடங்கியபின் மீள்வதும் நெடுங்கால வழக்கு. பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் இந்து சமுத்திரத்துப் பயணி அனைவருக்கும் இதுவே முதல் விதி. போகும் காலம் ஒன்று, திரும்பும் காலம் வேறொன்று. இரண்டையும் தானே தெரிந்தெடுக்க எவனாலும் ஆகாது.

இவ்விதியை அறியாமலே மீறிய ஒருவனைப் பற்றி உரோமாபுரியின் நூலாசிரியர் பிளினி எழுதியிருக்கின்றார். செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் புளோக்காமஸ் என்பவர். அவரால் அடிமைத்தளை நீக்கப்பெற்ற ஊழியன் ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் செல்கையில் வடகாற்றுக்கு அகப்பட்டான். பதினைந்தாம் நாள் அவன் கரை சேர்ந்த இடம் தப்ரபேனிலுள்ள ஹிப்புரோஸ் என்னும் துறைமுகம். தப்ரபேன் என்பது இலங்கை. கிரேக்க மொழியிலே ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும் சொல். ஆதலால் அத்துறை நம் குதிரைமலையே என்று அறிஞர் பலர் கொள்வர். இந்நாட்டு மன்னன் அவனை ஆறு மாதம் உபசரித்து வைத்திருந்தான். அவனிடமிருந்த நாணயங்களிலே பொறித்திருந்த முகங்கள் வெவ்வேறாக இருப்பினும் நிறை ஒன்றாகவே இருக்கக் கண்டு, இத்தகைய நேர்மையுள்ள நாட்டோடு உறவு கொள்ள விரும்பி நான்கு தூதரை உரோமாபுரிக்கு அனுப்பினான். அவர்கள் வந்தது 41 முதல் 54 வரை ஆண்ட குளோடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் என்று பிளினி கூறுகின்றார். இது வெறுங் கதையன்று என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. எகிப்தியப் பாலைவனத்திலே, செங்கடற் துறைமுகத்திற்குச் செல்லும் வழியில், அன்னியஸ் புளோக்காமஸின் அடிமையொருவன் பாறையிற் பொறித்த பெயரும் ஆண்டும் காணப்பட்டுள்ளன, அவ்வாண்டு கி.பி. 6.

காற்றுக் கொணர்ந்த அந்த ஊழியனுக்குச் சீட்டும் இல்லை, அனுமதியும் இல்லை. வந்தவனை வாழவைத்தது மன்னனின் தயை ஒன்றே. இனி, அந்தத் தயையை முறைப்படி கேட்டுப் பெற்ற ஒருவரைப் பார்ப்போம்.

அவர் இபின் பதூதா. மொரோக்கோ நாட்டுத் தஞ்சியரிலே 1304 இற் பிறந்து, 1325 இல் மக்கா யாத்திரைக்கென வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டு கழித்து 1349 இலே தாய்நாடு மீண்டவர். 1344 ஆம் ஆண்டு அவர் மாலைதீவிலிருந்து மாபாருக்குக் கப்பலேறினார். மாபார் என்பது பாண்டிநாட்டுக் கரைக்கு அராபியர் இட்ட பெயர். அப்பொழுது மதுரையிலே ஒரு சுல்தான் ஆட்சி இருந்தது. காற்று மாறிவிட்டது. ஒன்பதாம் நாள் கப்பல் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. தொலைவிலே சிவனொளிபாதமலை, நம் முஸ்லிம் மக்கள் பாவா ஆதம் மலை என வழங்கும் அம்மலை, புகைத்தூண் போலத் தெரிந்ததாம்.

கரையைக் கண்டும் மாலுமிகள் இறங்க அஞ்சினார்கள். இத்துறை ஆரியச் சக்கரவர்த்திக்கு உரியது. அவருடைய கப்பல்கள் கடலிலே கொள்ளையிடுவன. வணிகர் அச்சமின்றி நுழையும் துறை இதுவன்று என்றார்கள். இறங்கினால் மன்னன் பயம், இறங்காவிட்டால் புயலின் பயம். அப்பொழுது இபின் பதூதா கப்பல் தலைவனை நோக்கி, என்னை மாத்திரம் கரையிலே இறக்கிவிடுக, உங்களுக்கு அபயம் நான் பெற்றுத் தருகின்றேன் என்றார். கரையிலே வந்து வினாவியவர்களிடம், தாம் மாபார்ச் சுல்தானுக்கு உறவினர் என்றும், ஆரியச் சக்கரவர்த்தியைக் காண வந்ததாகவும், கப்பலில் உள்ளவை அவருக்குரிய காணிக்கை என்றும் கூறினார். உறவு என்பது பொய்யன்று. அவரும் அந்தச் சுல்தானும் இரு சகோதரிகளை மணந்தவர்கள். நம் வழக்கிலே சொன்னால் சகலைகள். காணிக்கை என்ற பேச்சு மாத்திரம் சமயத்திற்கேற்பச் சொன்னது போலும்!

மன்னர் அப்பொழுது பத்தாலா என்னும் நகரிலே இருந்தார். அதுவே நம் புத்தளம். மரத்தாலான மதிலும் மரத்தாலான காவற் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய ஊர் என்று இபின் பதூதா அதனை வருணிக்கின்றார். ஆறுகள் அடித்துக்கொணர்ந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தனவாம். மாபாரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி ஏற்றிச் செல்வர். அதற்கு ஈடாக மன்னருக்குத் துணி முதலியன கொடுப்பர். மாபாருக்கும் இத்தீவுக்கும் இடையே ஒரு பகலும் ஓர் இரவுமே ஓட்டம்.

மன்னர் வந்தவரை எழுந்து வரவேற்றுத் தம் அருகே இருத்தி, உம்முடைய தோழர்கள் அச்சமின்றி இறங்கட்டும், புறப்படும் வரை அவர்கள் என் விருந்தினர், எனக்கும் மாபார்ச் சுல்தானுக்கும் நட்பு உண்டு என்றார். இருவரும் பாரசீக மொழியிற் பேசிக்கொண்டார்கள். மூன்று நாள் உபசாரத்தின்பின் ஒருநாள், முத்துக்குளிப்பிலே எடுத்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், கூச்சமின்றி வேண்டியதைக் கேளும் என்றார் மன்னர்.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் சற்று நிற்றல் வேண்டும். முத்துக்குவியலின் முன்னே இருந்து, வேண்டியதைக் கேள் என்ற சொல்லையும் பெற்ற அந்தப் பயணி கேட்டவை எவை? முதலாவது, மலையிலுள்ள பாதத்தைத் தரிசிக்க வழித்துணை. இரண்டாவது, தாம் வந்த கப்பல் எவராலும் தீண்டப்படாமல் மாபாருக்குச் செல்ல அபயம். மூன்றாவது, மலையிலிருந்து மீண்டபின் தாம் கடல் கடந்து போவதற்கு மன்னரே கப்பல் தருதல். செல்லும் வழி, உடன்வந்தோரின் பாதுகாப்பு, மீளும் வழி என்று மூன்றையும் காலை எடுத்து வைப்பதற்கு முன்னரே அவர் பேசி முடித்துக்கொண்டார். இன்றைய சீட்டிலே எழுதியிருக்கும் விதிகள் எல்லாம் இம்மூன்றனுள் அடங்கும். ஆயினும் கப்பல் தலைவன், ஓராண்டு காத்திருக்க நேரினும் நீங்கள் வராமல் நான் புறப்படேன் என்று கூறிவிட்டான். அவன் காத்திருக்கும் காலமெல்லாம் தம் விருந்தினன் என்றார் மன்னர்.

மன்னர் பல்லக்கும் அதைச் சுமக்கும் ஆட்களும் தந்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், ஏவலர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் உடன் சென்றனர். முஸ்லிம் பயணி ஒருவரை இந்து மன்னர் ஒருவர் யோகிகளோடும் பிராமணரோடும் கூட்டி, பௌத்தர் புத்தபிரானின் பாதமென்றும் சைவர் சிவனின் பாதமென்றும் முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமென்றும் போற்றும் மலைக்கு அனுப்பிவைத்த அந்தக் காட்சி இக்கரையின் வரலாற்றிலே என்றும் நினைக்கத்தக்கது. முதல்நாள் மூங்கில் தெப்பத்திலே ஆற்றைக் கடந்தார்கள். மன்னரின் எல்லையிலுள்ள ஊரிலே விருந்துண்டார்கள். பின்னர் சலாவாத் துறையை அடைந்தார்கள், அது சிலாபம். அப்பாற் செல்லும் காட்டுவழியிலே யானைகள் மிகுதி என்றும், அவை யாத்திரிகருக்குத் தீங்கு செய்வதில்லை என்றும் எழுதியிருக்கின்றார். மலையைத் தரிசித்தபின் அவர் வந்த வழியே மீளவில்லை. தேவிநுவரை, காலி, கொழும்பு வழியாகக் கரையோரமாகச் சுற்றிப் புத்தளத்தை மீண்டும் அடைந்தார். புறப்பட்ட இடத்திலேயே முடிந்த ஒரு முழுச் சுற்று அது.

ஆனால் அனுமதி மாத்திரம் பயணியைக் கரை சேர்ப்பதில்லை. புத்தளத்திலிருந்து மாபாருக்குச் சென்ற அந்த ஒருநாள் ஓட்டத்திலே, கடலறிவில்லாத தலைவனின் கையில் அகப்பட்ட கப்பல் பாறைகளை நெருங்கிப் பின் ஆழமற்ற நீரிலே தட்டி நின்றது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள். தெப்பம் கட்டிச் சிலரைக் கரைக்கு அனுப்பிவிட்டு இபின் பதூதா இரவு முழுவதும் உடைந்த கப்பலிலே தங்கினார். விடிந்தபின் அக்கரை மக்கள் படகிலே வந்து அவரைக் காத்தார்கள்.

பதினாறாம் நூற்றாண்டிலே இந்த நிலை மாறியது. அதுவரை கரைக்கு மன்னன் இருந்தான்; கடலுக்கு மன்னன் இல்லை. போர்த்துக்கீசர் வந்தபின் கடலிலே ஓடும் கப்பல் ஒவ்வொன்றும் தம்மிடம் கார்த்தாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று விதித்தார்கள். சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார்கள், அல்லது மூழ்கடித்தார்கள். பின்வந்த ஒல்லாந்தரும் இம்முறையைக் கைவிடவில்லை. 1667 தொடக்கம் 1676 வரை அவர்கள் கற்பிட்டியிலே கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. புத்தளம் களப்பின் வாயிலைக் காப்பது அதன் நோக்கம். கண்டி இராச்சியம் வெளியுலகத்தோடு வணிகம் செய்த வழிகளுள் ஒன்று அந்தக் களப்பு. 1766 இல் செய்த உடன்படிக்கையினாற் கண்டி மன்னன் கரை முழுவதையும் இழந்தான். புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமை அவன் மக்களுக்கு எஞ்சியது. உப்பளத்தாற் பெயர்பெற்ற ஊர் என்று சிலர் கூறும் புத்தளத்திலே, தன் நாட்டு உப்பை அள்ளுவதற்கும் ஓர் உடன்படிக்கை வேண்டியதாயிற்று!

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் விதி தளர்ந்தது. 1869 இலே சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலே அமெரிக்காவின் இரு கரைகளையும் இருப்புப்பாதை இணைத்தது. மூன்று ஆண்டு கழித்து, 1872 இல், தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் ஒரு சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு உலகைச் சுற்றப் புறப்பட்டார். மேற்கு நோக்கிச் சென்று, இலங்கையையும் கண்டு, 222 நாளில் வீடு மீண்டார். கட்டணத்தைக் கட்டினாற் போதும், வழியை நாம் பார்த்துக்கொள்கின்றோம் என்ற வாக்குறுதி அன்று பிறந்தது. ஆயினும் இணைப்புக் கப்பலுக்குக் காத்திருக்கும் விதி நீங்கவில்லை. 1889 இலே தனியொருத்தியாக உலகைச் சுற்றிய அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, மற்றொரு கப்பல் வந்து சேரும்வரை கொழும்பிலே ஐந்து நாள் காத்திருந்தார். அப்படியிருந்தும் 72 நாளிற் சுற்றை முடித்தார்.

நம்மவர் அறிந்த கூட்டுச் சீட்டு வேறொன்று. 1914 முதல் சென்னை எழும்பூரிலே வாங்கிய ஒரே சீட்டைக் கொண்டு தனுஷ்கோடி வரை புகைவண்டியிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், பின் கொழும்பு வரை மீண்டும் புகைவண்டியிலும் வரலாம். 1964 டிசெம்பரிலே வீசிய புயல் தனுஷ்கோடியையும் அந்த இருப்புப்பாதையையும் அழித்தது. அதற்கு முன்னரே, 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், சீட்டு ஒன்று, அனுமதி வேறொன்று என்பதைத் தெளிவாக்கியிருந்தது. கட்டணம் செலுத்தியவனும் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி அக்கரை செல்ல முடியாதவனானான்.

இனி விமானம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை புத்தளத்தருகே பாலாவியில் ஒரு விமானத்தளம் அமைத்தது. விமானங்களை இழுப்பதற்கு அங்கே யானைகளைப் பயன்படுத்தினார்கள். யாத்திரிகருக்குத் தீங்கு செய்யாதவை என இபின் பதூதா சொன்ன யானைகளின் வழித்தோன்றல்கள், அறுநூறு ஆண்டின்பின் ஆகாயப் பயணிகளுக்கும் தோள் கொடுத்தன என்று நாம் மகிழலாம்.

போர் முடியும் தறுவாயில், 1944 டிசெம்பரிலே, சிக்காகோ நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டின் வானம் அந்நாட்டுக்கே உரியது. அதன் அனுமதியின்றி எந்த ஒழுங்குசேவை விமானமும் அதன்மேற் பறக்கவோ அங்கே இறங்கவோ கூடாது. புத்தளத்து மன்னனின் பழைய உரிமை இவ்வாறு வானத்திற்கு ஏறியது. 1947 ஜூனிலே பான் அமெரிக்கன் நிறுவனம் உலகைச் சுற்றும் விமானசேவையைத் தொடங்கிற்று. ஆனால் சொந்த நாட்டுக்குள்ளே ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆளேற்ற அமெரிக்க அரசு அந்நிறுவனத்திற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே உலகம் சுற்றும் விமானம் அமெரிக்காவின் ஒரு கரையிலே புறப்பட்டு மறுகரையிலே நின்றுவிட்டது. கடைசித் துண்டுக்குப் பயணி வேறு விமானம் பிடிக்கவேண்டும். 1991 இலே அந்நிறுவனம் மறைந்தது.

எந்த ஒரு நிறுவனமும் தனித்து உலகைச் சுற்ற இயலாமையாலேயே இன்றைய கூட்டமைப்புகள் தோன்றின. ஒரு சீட்டு, பல நிறுவனங்கள். அவை வருவாயைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். விதிகளின் காரணம் இப்பொழுது விளங்கும். ஒரே திசை என்ற விதி இல்லையேல், இரு ஊர்களுக்கிடையே பலமுறை போய்வருவோர் இம்மலிவுச் சீட்டையே வாங்குவர். ஓராண்டு என்ற எல்லை இல்லையேல் விலையை நிலைநிறுத்த இயலாது. சீட்டின் கட்டங்களை வரிசைப்படியே பயன்படுத்தல் வேண்டும். நடுவிலே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டால் மீதியெல்லாம் செல்லாதொழியக் கூடும். நாளை மாற்றுதல் எளிது. வழியை மாற்றினால் மேலதிகக் கட்டணம் உண்டு. இவை யாவினும் முக்கியமானது ஒன்று: விமான நிறுவனம் இருக்கையைத் தரும், நாட்டுக்குள் நுழையும் உரிமையை அது தரமாட்டாது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் ஒவ்வொரு தங்குமிடத்தின் விசா விதியையும், சில இடங்களிலே விமானம் மாறுவதற்கு மாத்திரம் வேண்டப்படும் அனுமதியையும், பணம் கட்டுவதற்கு முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். காணிக்கையைப் பற்றிப் பேசுமுன் அபயத்தைப் பற்றிப் பேசிய இபின் பதூதாவின் வழி அதுவே.

புறப்பட்ட நாட்டிலேயே முடித்தல் வேண்டும் என்ற முதல் விதியைச் சிலர் வீண் கட்டுப்பாடு என்பர். அவ்வாறு எண்ணுபவர் கற்பிட்டிக் கரையை ஒருமுறை நினைத்தல் நன்று. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 70,000 க்கும் மேற்பட்டோர் வீடு வாசல்களை இழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் கையிலே கொள்ளக்கூடியதை மாத்திரம் கொண்டு, வள்ளங்களிலே ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கின. மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு உள்ள தூரம் உலகப் படத்திலே ஒரு விரல் அகலமும் இல்லை. அக்கரையில் இருந்தோர் வந்தவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்தார்கள். 2009 இலே போர் முடிந்தபின் சிலர் மீண்டும் வடக்கே சென்றார்கள். பலர் புத்தளத்திலேயே வாழ்கின்றார்கள். அங்கே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊர். பெற்றோருக்கோ ஊர் இன்னும் மன்னார், முசலி, யாழ்ப்பாணம்.

அந்த வள்ளங்களில் ஏறியவர்கள் எந்த மன்னனிடமும் மீளும் வழியைக் கேட்டு வைக்க இயலவில்லை. கேட்டிருப்பினும் கொடுப்பார் அன்று இல்லை. ஆகையால், உலகம் சுற்றும் சீட்டை நம்மில் எவரேனும் என்றாவது கையிலே வாங்கும் பேறு பெற்றால், அதன் முதற் பக்கத்தை மாத்திரமன்றிக் கடைசிப் பக்கத்தையும் நிதானமாக வாசிப்போமாக. புறப்பட்ட ஊரின் பெயர் அங்கே மறுபடியும் அச்சிடப்பட்டிருக்கும். இக்கரையிலே வந்து இறங்கிய எத்தனையோ பேருக்குக் கிட்டாத வரி அது.